நான்கும் அல்லாத மான்

நமது மொழியில் கொம்பு என்பது தாராளமான ஒரு சொல். மாட்டுக்கும் கொம்பு, ஆட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு. யானையின் தந்தத்தையே யானைக்கொம்பு என்று சொன்ன தலைமுறையும் நம்மிடம் இருந்தது. பேச்சுக்கு இது போதும். ஆனால் மாட்டின் தலையில் இருப்பதும் மானின் தலையில் இருப்பதும் வேறு வேறு பொருட்கள். மாட்டுக்கொம்பு உள்ளே எலும்பும் வெளியே நகத்தைப் போன்ற ஓர் உறையும் கொண்டது. முளைத்தால் சாகும்வரை அதே கொம்புதான், முறிந்தால் முறிந்ததுதான். மான்கொம்பு முழுக்க முழுக்க எலும்பு. அது ஆண்டுதோறும் விழுந்து, ஆண்டுதோறும் முளைக்கிறது.

மானின் நெற்றியில் எலும்பாலான இரண்டு சிறு காம்புகள் உண்டு. புதிய கொம்பு அந்தக் காம்பிலிருந்தே புறப்படும். வளரும் காலத்தில் மெல்லிய மயிர் படர்ந்த தோல் அதைப் போர்த்தியிருக்கும், தோலினுள் இரத்தம் ஓடும், தொட்டால் சுடும். விலங்கின் உடலில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறில்லை என்கிறார்கள். வளர்ந்து முடிந்ததும் தோல் காய்ந்து உரியும். மான் அதை மரத்தில் தேய்த்துக் களையும். பிறகு சண்டை, சோடி சேர்தல். அந்தப் பருவம் முடிய ஆண் சுரப்பு குறையும். காம்போடு சேரும் இடத்தில் எலும்பு கரையும். ஒருநாள் கொம்பு தானாகக் கழன்று விழும்.

வன்னிக் காடுகளில் விறகுக்கும் தேனுக்கும் போனவர்கள் இப்படி விழுந்து கிடந்த மரைக்கொம்பையும் புள்ளிமான்கொம்பையும் எடுத்து வந்து சுவரில் மாட்டியிருந்ததை நம்மிற் பலர் கண்டிருப்போம். அந்த இரண்டுக்கும் பொதுவாக மும்மூன்று கிளைகள்தான். நமது வெப்ப நாட்டில் புள்ளிமான்களுக்குக் கொம்பு விழுவதற்கு ஒரு பொதுவான மாதம் கிடையாது. ஒரே மந்தையில் ஒன்று முற்றிய கொம்போடும், இன்னொன்று தோல் போர்த்த இளங்கொம்போடும், மூன்றாவது மொட்டைத் தலையோடும் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாட்காட்டி. உக்குளானுக்கோ கொம்பே இல்லை. விலங்கியலார் அதை மான் குடும்பத்திற் சேர்ப்பதும் இல்லை.

வந்து சேர்ந்த நாடுகளில் நாம் கண்ட மான்கள் வேறு. நோர்வேயின் தெருவோரங்களில் முக்கோண அடையாளப் பலகையில் நிற்கும் எல்க், கனடாவில் மூஸ் என்ற பெயரில் வாழ்கிறது. அகப்பையை விரித்தாற்போன்ற அதன் கொம்புதான் இன்று உயிரோடிருக்கும் மான்களின் கொம்புகளில் மிகப் பாரமானது. வடக்கே சாமி மக்கள் மேய்க்கும் றெயின்டியரில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. மான் குடும்பத்தில் இது அதற்கு மட்டுமே உரிய வழக்கம். ஜேர்மனியின் பழைய உணவுவிடுதிகளில் சுவரிலிருந்து நம்மைப் பார்ப்பது செம்மான். குளிர் நாடுகளில் மான்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பருவத்தில் கொம்பு உதிர்க்கின்றன. பனிக்காலம் முடிந்து புல் துளிர்க்கும்போது குட்டி பிறந்தாகவேண்டும். அதிலிருந்து கணக்குப் பார்த்தால் சோடி சேரும் மாதமும் கொம்பு விழும் மாதமும் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

நாம் இங்கு எழுத வந்தது இவற்றில் எதையும் பற்றியல்ல. தன் நாட்டில் ஒன்றுகூட மிஞ்சாமல் அழிந்து, அந்நிய நாடொன்றில் 18 உயிர்களாகக் குறுகி, 85 ஆண்டுகளின் பின் ஊர் திரும்பிய ஒரு மானின் வரலாறு இது. சீன மொழியில் அதன் பெயர் மிலு.

*

சீனச் சாதாரண மக்கள் இந்த மானுக்கு இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள். ஸிபுசியாங். நான்கு மிருகங்களைப் போலவும் இருக்கிறது, நான்கில் எதுவும் அல்ல என்பது அதன் கருத்து. முகம் குதிரையினது; வால் கழுதையினது; குளம்பு மாட்டினது; கொம்பு மானினது. ஆனால் அது குதிரையுமல்ல, கழுதையுமல்ல, மாடுமல்ல, பழகிய மானுமல்ல. சீனத்தின் பழைய புராணக் கதையொன்றில் ஜியாங் ஸியா என்னும் ஞானி ஏறிச் செல்லும் வாகனத்துக்கும் இதே பெயர்தான்.

இந்தப் பெயரில் ஒரு நுட்பம் உண்டு. இன்றைய மரபணு ஆய்வுகள் மிலுவின் ஆதி மூதாதையரில் இரண்டு வழிகள் கலந்திருக்கலாம் என்று கருத இடம் தருகின்றன. ஒன்று ஐரோப்பியச் செம்மானுக்கு உறவான வழி. மற்றது மணிப்பூரின் லொக்டாக் ஏரியிலிருந்து பர்மா, கம்போடியா வரை பரவியிருந்த எல்ட் மானின் வழி. கலப்பில் பிறந்து, கலப்பிலேயே தனித்துவம் பெற்ற ஓர் இனம் போலும். விஞ்ஞானம் சொல்வதற்கு முன்பே குடியானவர் கண் அதைக் கண்டு பெயரும் வைத்துவிட்டது.

மிலு சதுப்பு நிலத்து மான். அகன்று விரியும் குளம்பு சேற்றில் புதையாமல் தாங்கும். நன்றாக நீந்தும். கொம்புதான் எல்லாவற்றிலும் விசித்திரம். மற்ற மான்களின் கொம்பில் அடிக்கிளை நெற்றிக்கு மேலாக முன்னோக்கி நீளும். மிலுவில் கவர்விட்ட பெருங்கிளை மேலே எழ, மற்றது நீண்டு முதுகை நோக்கிப் பின்னே போகும். யாரோ கொம்பை முன்பின் மாற்றிப் பொருத்திவிட்டது போலத் தோன்றும். சோடி சேரும் காலத்தில் ஆண்மான் சதுப்புப் புல்லையும் நீர்க்கொடிகளையும் கொம்பிலே சுற்றி அலங்கரித்துக்கொண்டு திரியும். அந்தக் காலம் இதற்குக் கோடை. மற்ற மான்கள் இலையுதிர் காலத்தில் செய்வதை மிலு முந்திச் செய்கிறது. ஆகவே கொம்பு விழுவதும் முந்திக்கொண்டு மாரிக்காலத்தில் வருகிறது.

இந்த மாரிக்காலக் கொம்பு சீனத்தின் நாட்காட்டியிலேயே இடம்பெற்றது. பழைய சீனர் ஆண்டை ஏறத்தாழ ஐந்தைந்து நாட்களாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் இயற்கையில் நிகழும் ஒன்றை அடையாளமாகக் குறித்தார்கள். கோடையில் பகல் மிக நீண்ட நாளையொட்டி மானின் கொம்பு விழும் என்பது ஓர் அடையாளம். மாரியில் இரவு மிக நீண்ட நாளையொட்டி மிலுவின் கொம்பு விழும் என்பது இன்னொன்று. மிலு காடுகளிலிருந்து மறைய மறைய, இரண்டாவது அடையாளத்தின் பொருள் படித்தவர்களுக்கே விளங்காமற் போயிற்று. 18ஆம் நூற்றாண்டில் சியென்லுங் பேரரசருக்கு இதில் சந்தேகம் வந்தது. அவர் வேட்டையிற் கண்ட மான்கள் எல்லாம் கோடையிலேயே கொம்பு உதிர்த்தன. மாரியில் உதிர்க்கும் மான் எங்கே? 1767 இல், இரவு மிக நீண்ட அந்த நாட்களில், பீஜிங்கின் தெற்கே இருந்த அரச வேட்டைத் தோட்டத்துக்கு ஆளனுப்பிப் பார்க்கச் சொன்னார். அங்கே நீண்ட வாலுடைய மான்கள் கொம்பை உதிர்த்துக்கொண்டு நின்றன. பேரரசர் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதி, நாட்காட்டியில் அந்த மானின் பெயரையும் திருத்தச் செய்தார்.

புத்தகத்தில் இருந்த வரி பொய்யல்ல என்று நிரூபிக்க ஒரே ஒரு தோட்டத்து மான்கள்தான் மிஞ்சியிருந்தன என்பதைக் கவனியுங்கள். பேரரசர் அதைப் பெருமையாக எழுதினார். இன்று படிக்கும் நமக்கு அது ஓர் எச்சரிக்கையாகத் தெரிகிறது.

*

ஒரு காலத்தில் யாங்சே ஆற்றின் கீழ்ப்பகுதிச் சதுப்பு நிலங்களில் மிலு பெரும் மந்தைகளாக வாழ்ந்தது. கற்காலக் குடியிருப்புகளின் குப்பைமேடுகளில் அதன் எலும்பும் கொம்பும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பின்பு சதுப்பு வயலாயிற்று. நெல் பெருகப் பெருக, மக்கள் பெருகப் பெருக, மானின் நிலம் சுருங்கியது. கடைசியில் அரசரின் வேட்டைத் தோட்டமே அதன் அறியப்பட்ட இருப்பிடமாயிற்று. அந்தத் தோட்டத்துக்கு நான்ஹாய்ட்ஸி என்று பெயர். சுற்றிலும் நெடிய மதில், வாயில்களிற் காவல். குடியானவன் உள்ளே கால் வைக்க முடியாது.

1862 இல் பீஜிங் வந்த ஆர்மோன் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இயற்கை வரலாற்றில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர். 1869 இல் பண்டாக் கரடியை மேற்குலக விஞ்ஞானத்துக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரே. 1865 இல் அவர் நான்ஹாய்ட்ஸியின் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தபோது அதுவரை எந்தப் புத்தகத்திலும் தாம் காணாத மான்மந்தை ஒன்றைக் கண்டார். காவலர்களைக் கையூட்டால் வசப்படுத்தித் தோலும் எலும்பும் பெற்றுப் பாரிசுக்கு அனுப்பினார். 1866 இல் மில்ன்-எட்வர்ட்ஸ் என்ற விலங்கியலாளர் அதற்கு இலத்தீன் பெயர் சூட்டினார். அன்றிலிருந்து உலகம் அதை 'பேர் டேவிட் மான்', அதாவது டேவிட் பாதிரியாரின் மான் என்று அழைக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சீன ஏடுகளில் எழுதப்பட்டு வந்த ஒரு பெயர் ஓரத்துக்குப் போயிற்று. மதிலுக்கு மேலால் ஒருநாள் எட்டிப் பார்த்தவரின் பெயர் நிலைத்தது. வேலைத்தலத்திலும் பாடசாலையிலும் தம் பெயர் உருமாறக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆனாலும் அந்த எட்டிப் பார்த்தலில்தான் இந்த மானின் உயிர் தங்கியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தோலும் எலும்பும் போன பின் ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகள் உயிருள்ள மான்களைக் கேட்டன. தூதுவர்கள் வழியாகச் சில சோடிகள் இலண்டனுக்கும் பாரிசுக்கும் பேர்லினுக்கும் கப்பலேறின. அப்போது யாரும் அதைக் காப்பாற்றும் வேலையாக எண்ணவில்லை. பார்வையாளர் காசு கொடுத்துப் பார்க்க ஒரு புதுமை வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த 30 ஆண்டுகளுக்குள் அந்த மதில் உடைந்தது. 1890களின் நடுப்பகுதியில் யோங்டிங் ஆறு பெருக்கெடுத்து மதிலை இடித்தது. மான்கள் உடைப்பு வழியாக வெளியே ஓடின. வெளியே பஞ்சம். பசியிற் கிடந்த குடியானவர் கண்ணெதிரே வந்த மானைக் கொன்று தின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. தலைமுறை தலைமுறையாகத் தாம் பார்க்கவும் அனுமதியில்லாத மிருகத்தைப் பஞ்ச காலத்தில் ஒருவர் கண்டால் அது அவருக்கு இறைச்சிதான். எஞ்சிய சிலவற்றுக்கு 1900 இல் பொக்ஸர் கிளர்ச்சி முடிவு கட்டியது. கிளர்ச்சியை அடக்கவென்று எட்டு நாடுகளின் படைகள் பீஜிங்குக்குள் புகுந்தன. தோட்டம் சூறையாடப்பட்டது. மான்கள் சுடப்பட்டன. அங்குமிங்கும் தப்பியிருந்த ஒன்றிரண்டும் சில ஆண்டுகளில் இல்லாமற் போயின.

படையனுப்பிய எட்டு நாடுகளில் பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி மூன்றும் அடக்கம். மிலுவின் கடைசி உயிர்கள் அந்த நேரத்தில் மேய்ந்துகொண்டிருந்ததும் அந்த மூன்று நாடுகளில்தான். ஊரை எரித்த கையும் அடைக்கலம் கொடுத்த கையும் ஒரே உடலினுடையவையாக இருப்பது வரலாற்றுக்குப் புதிதல்ல. நன்றியையும் கோபத்தையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு வாழப் பழகுவது எவ்வளவு சிரமம் என்பதும் நமக்குத் தெரியும்.

*

சிதறிப் போனதால் மிலு பிழைத்தது என்று இங்கே நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். சிதறலால் மட்டும் பிழைக்காத இன்னொரு மானும் உண்டு.

சியாமின் சாவோ பிரயா ஆற்றுச் சமவெளியில் ஷொம்பேர்க் மான் என்று ஓர் இனம் இருந்தது. கூடையைக் கவிழ்த்து வைத்தாற்போலக் கிளைகிளையாக விரிந்த அதன் கொம்பைப் போல அழகான கொம்பு மான் குடும்பத்திற் குறைவு. 1855 இல் பிரித்தானியாவுடன் செய்த ஒப்பந்தத்தின் பின் சியாம் அரிசியை ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று. சதுப்பும் புல்வெளியும் வயல்களாயின. வெள்ள காலத்தில் மேட்டுத் திட்டுகளில் ஒதுங்கி நின்ற மான்களை வேட்டைக்காரர் படகிற் போய்க் கொன்றார்கள். காட்டிலிருந்த கடைசி மான் 1932 இல் சுடப்பட்டது என்றும், கோயிலொன்றில் செல்லமாக வளர்ந்த கடைசி மானைக் குடிவெறியில் ஒருவன் 1938 இல் அடித்துக் கொன்றான் என்றும் பதிவு சொல்கிறது.

இந்த மானும் ஐரோப்பாவுக்குப் போனதுதான். பேர்லினிலும் பாரிசிலும் வேறிடங்களிலும் அதை வைத்திருந்தார்கள். ஆனால் அங்கொன்று இங்கொன்று. யாரும் அவற்றை ஓரிடத்திற் கூட்டவில்லை. ஒவ்வொன்றும் தன் கூட்டினுள்ளேயே முதுமையடைந்து செத்தது. பாடஞ்செய்யப்பட்ட ஒரே ஒரு முழு உடல் இன்று பாரிஸ் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கண்களோடு நிற்கிறது.

மிலுவுக்கும் இதே விதிதான் காத்திருந்தது. அதை மாற்றியவர் ஹெர்பிராண்ட் ரசல் என்ற 11ஆவது பெட்போர்ட் கோமகன். இலண்டனுக்கு வடக்கே வோபர்ன் அபே என்ற தமது பரந்த நிலத்தில் மான் வளர்ப்பதில் அவருக்குப் பைத்தியம் என்றே சொல்லலாம். சீனச் செய்திகளைக் கேள்விப்பட்டதும் ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகளில் தனித்தனியே நின்ற மிலுக்களை ஒவ்வொன்றாக வாங்கித் தம் நிலத்திற் சேர்த்தார். சேர்ந்தவை 18. அவற்றிலும் இனம் பெருக்கக்கூடியவை 11 என்று கணக்கு. இன்று உலகில் வாழும் மிலு ஒவ்வொன்றும் அந்தப் பதினொன்றின் வழித்தோன்றல். இவ்வளவு நெருங்கிய உறவில் பெருகியும் இனம் நலிந்து போகாதது ஆய்வாளர்களை இன்றும் வியக்க வைக்கிறது.

சிதறியிருந்தபோது தப்பியது, கூடியபோது பெருகியது. இரண்டும் வேண்டியிருந்தது. ஆனால் கூடிய இடமும் இன்னொரு மதிலாகிவிடும் ஆபத்து இருந்தது. 1914 இல் 90 ஐ நெருங்கியிருந்த வோபர்ன் மந்தை, முதலாம் உலகப் போரின் தீவனப் பஞ்சத்தில் ஏறத்தாழ 50 ஆகக் குறைந்தது. உலகில் மொத்தமே அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் விழுந்த காலத்தில் அடுத்த கோமகனுக்கு அந்தப் பயம் பிடித்தது. ஒரே தோட்டத்தில் எல்லாவற்றையும் வைத்திருப்பது நான்ஹாய்ட்ஸியின் தவறையே மறுபடி செய்வது. 1940களிலிருந்து மான்கள் விப்ஸ்னேட் முதலான வேறிடங்களுக்கும், பின்பு வேறு நாடுகளுக்கும் பகிரப்பட்டன. இம்முறை போனவை தனி மான்களல்ல, மந்தைகள்.

வோபர்னில் வேறு சீன மான்களும் இருந்தன. நாயைப் போலக் குரைக்கும் சிறிய முன்ஜாக், நமது கேளையாட்டின் சீன உறவு, அவற்றுள் ஒன்று. கொம்பே இல்லாமல் கோரைப் பல்லோடு திரியும் நீர்மான் மற்றது. இவையும் அதே கோமகனின் ஆசையால் வந்தவை. வேலி தாண்டிப் போய் ஆங்கிலேயக் காடுகளில் தாமாகவே குடியேறிவிட்டன. முன்ஜாக் இன்று இளமரங்களையும் காட்டுப் பூக்களையும் தின்று தீர்க்கிறது என்று குற்றஞ்சாட்டப்பட்டு, சட்டத்தில் ஆக்கிரமிப்பு இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. நீர்மானோ சீனத்தில் அருகி வருவதால் இங்கிலாந்தில் இருப்பதும் உலகத் தொகையில் கணிசமான பங்கு என்று மதிக்கப்படுகிறது. ஒரே நாட்டிலிருந்து ஒரே வாசலால் வந்த மூன்றில் ஒன்று பொக்கிஷம், ஒன்று பீடை, மூன்றாவது சகித்துக்கொள்ளப்படுவது. எண்ணிக்கை குறைவாய் இருக்கும்வரை விருந்தாளி; பெருகினால் தொல்லை. குடிவரவு பற்றிய பேச்சுக்களைப் பத்திரிகைகளில் படிக்கும்போது இந்த மூன்று மான்களும் நம் ஞாபகத்துக்கு வருவதுண்டு.

*

திரும்பிப் போதல் ஒரே முயற்சியில் நடக்கவில்லை. 1956 இல் இலண்டன் விலங்கியற் சங்கம் நான்கு மிலுக்களைப் பீஜிங் மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்பியது. 1973 இல் இன்னும் இரண்டு சோடி போயின. ஊர் மண்ணைத் தொட்டன, ஆனால் மந்தையாகவில்லை. சிமெந்துத் தரையும் கம்பிக் கூடும் ஊரில் இருந்தாலும் கூடுதான்.

1985 இல்தான் உண்மையான திரும்புதல் தொடங்கியது. வோபர்ன் நிலத்தை அப்போது நிர்வகித்த தாவிஸ்டொக் பிரபு, ஹெர்பிராண்டின் கொள்ளுப்பேரன், மான்களைக் கொடையாகக் கொடுத்தார். முந்திய டிசெம்பரில்தான் ஹொங்கொங்கைத் திருப்பிக் கையளிக்கும் கூட்டறிக்கையில் பிரித்தானியாவும் சீனமும் கையொப்பமிட்டிருந்தன. மான் திரும்பிய காலத்தின் அரசியற் சூழல் அது. 1985 ஓகஸ்டில் 20 மான்கள் நான்ஹாய்ட்ஸியில் இறங்கின. வேறெந்தப் பொருத்தமான இடத்துக்கும் அல்லாமல், அவற்றின் மூதாதையர் நின்ற அதே நிலத்துக்கு. பழைய தோட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் ஊராகவும் வயலாகவும் மாறியிருந்தது. மிஞ்சிய துண்டில் குளம் வெட்டி, சதுப்பைத் திருத்தி, இடத்தைத் தயார் செய்த பிறகே மான்கள் விமானம் ஏறின.

மறு ஆண்டு பிரித்தானிய மிருகக்காட்சிச்சாலைகள் பலவற்றிலிருந்து 39 மான்கள் மஞ்சள் கடலோரத்தில் ஜியாங்சு மாகாணத்தின் டாஃபெங்குக்குப் போயின. அந்தச் சேற்று நிலத்தடியில் பழைய மிலுவின் எலும்புகள் கிடைத்திருந்தன. 1993 இலும் 1994 இலும் பீஜிங்கில் பெருகிய மான்களில் 64 ஹூபெய் மாகாணத்தின் ஷிஷோவுக்குக் கொண்டுபோகப்பட்டன. யாங்சே ஆறு தன் போக்கை மாற்றியபோது விட்டுச் சென்ற பழைய வளைவு அது.

எல்லா இடத்திலும் வேலி இருந்தது. பாதுகாப்புக்கு வேலி தேவைதான். ஆனால் வேலிக்குள் உணவு வைத்து வளர்க்கும் மானைக் காட்டுமான் என்று சொல்லலாமா என்ற கேள்வியும் இருந்தது. டாஃபெங்கில் 1998 இல் 8 மான்களைத் துணிந்து வெளியே விட்டார்கள். அதே ஆண்டு யாங்சே பெருக்கெடுத்தது. சீனம் பல பத்தாண்டுகளில் காணாத வெள்ளம். ஷிஷோவின் வேலி நீரில் மூழ்கியது. மான்களிற் பல வெளியேறி, ஆற்றைக் கடந்து தென்கரைக்குப் போயின. சில இன்னும் தெற்கே டொங்டிங் ஏரிக்கரை வரை சென்றன. தேடிப் பிடித்துக் கொண்டுவர முடியாத அளவுக்கு அவை நாணலுக்குள் மறைந்துவிட்டன. மனிதர் கை படாமல் அங்கே குட்டி போட்டன, பெருகின.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளம் மதிலை உடைத்து மிலுவை அழிவுக்கு அனுப்பியது. இப்போது இன்னொரு வெள்ளம் வேலியை மூழ்கடித்து அதைக் காட்டுக்கு அனுப்பியது. தண்ணீர் ஒன்றுதான். வேறுபாடு கரையில் இருந்தது. 1890களில் மான் வெளியே வந்தபோது எதிரே நின்றவர்கள் பட்டினியில் இருந்தார்கள். மான் அவர்களுடையதும் அல்ல, அரசரது. 1998 இல் கரையிலிருந்த கிராமத்தவர் வெள்ளத்தால் துன்பப்பட்டவர்களே ஆயினும் வயிற்றுக்கு வழியிருந்தது. மானைக் காக்கும் சட்டமிருந்தது. இது நம் மண்ணின் மிருகம் என்ற செய்தியும் ஊருக்குள் போயிருந்தது. திரும்பி வருகிறவரின் ஆசை எவ்வளவு பெரிதானாலும் கரையில் நிற்பவர்களின் வாழ்வு எப்படியிருக்கிறது என்பதுதான் திரும்புதலின் முடிவைத் தீர்மானிக்கிறது. மிலுவின் வரலாற்றில் நம்மை அதிகம் யோசிக்க வைத்த இடம் இது.

இன்று சீனத்தில் மிலுவின் தொகை 10,000 ஐத் தாண்டிவிட்டது. டாஃபெங்கில் மட்டும் 5,000 க்கு மேல். அவற்றில் ஒரு பெரும் பகுதி வேலிக்கு வெளியே வாழ்கிறது. ஆயினும் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2016 இல் செய்த மதிப்பீட்டில் மிலுவைக் காட்டில் அற்றுப்போன இனம் என்றே வகைப்படுத்தியது. சதுப்பு நிலங்கள் இன்னும் போதாது. மந்தைகள் ஒன்றோடொன்று கலக்க வழியில்லை. இடையே ஊரும் வீதியும் தொழிற்சாலையும். வந்து சேர்ந்தது உண்மை. வாழ்வு திரும்பிவிட்டது என்று எழுதக் கணக்கெடுப்பவர்கள் அவசரப்படவில்லை. நான்ஹாய்ட்ஸியின் மான் நிலையத்தில், உலகில் அழிந்துபோன விலங்குகளின் பெயர்கள் பொறித்த கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழும் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. மான் பார்க்க வரும் பிள்ளைகள் அந்த வரிசையையும் பார்க்கிறார்கள்.

மானை உவமையாக்கி நம் கதையைச் சொல்வது எளிது. ஆனால் முழுவதும் பொருந்தாது. மானுக்கு ஊர் நினைவு கிடையாது. வோபர்னில் பிறந்த குட்டிக்கு நான்ஹாய்ட்ஸி பற்றி எந்தத் தாயும் கதை சொல்லவில்லை. அதனிடம் இருந்தது உடல் மட்டுமே: சேற்றுக்கென்று விரியும் குளம்பு, மாரியில் விழும் கொம்பு. இங்கிலாந்தின் உலர்ந்த புல்வெளியில் எட்டுப் பத்துத் தலைமுறைகளாக அந்தக் குளம்புக்கு வேலை குறைவு. அப்படியிருந்தும் அது மாறவில்லை. நமது பிள்ளைகளுக்கு அப்படி உடலோடு ஒட்டி எதுவும் வருவதில்லை. மொழியும் ஊரின் பெயரும் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. ஒரு தலைமுறை சொல்லாமல் விட்டால் அடுத்ததற்குக் காம்பே இல்லை, கொம்பு எங்கிருந்து முளைக்கும்? மானைவிட நமக்கு வேலை அதிகம்.

டிசெம்பர் மாதத்தில், இரவு மிக நீண்ட நாட்களில், டொங்டிங் ஏரியின் நாணலுக்குள்ளும் டாஃபெங்கின் சேற்றிலும் மிலுவின் கொம்புகள் விழுந்து கிடக்கின்றன. சியென்லுங் ஆளனுப்பித் தம் மதிலுக்குள் தேடிப் பார்த்த அந்தக் கொம்பு இப்போது மதிலில்லாத இடத்தில் விழுகிறது. பழைய நாட்காட்டியின் அந்த வரியைச் சரிபார்க்க விரும்பும் எவரும் போய்ப் பார்க்கலாம்.